இருபத்தேழாம் துண்டு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டில் அவளும் நலம். உன் முழங்கால் படியேற விடுகிறதா? என் காது இன்னும் மோசம். போனில் நீ பேசினால் கொசு பாடுவதுபோல் இருக்கிறது. ஆகவே இனி நமக்குக் கடிதமே கதி.

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் உன் பள்ளிக்கூடக் கணினி அறையில், விடுமுறை முழுக்க ஒரு தேடல் ஓட்டினோமே, நினைவிருக்கிறதா? கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும், அல்லது செத்திருக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை உயிர் என்று எண்ணினால், அடுத்த அடியில் எது பிறக்கும், எது பிழைக்கும், எது சாகும் என்பதை விதி சொல்லிவிடும். சில வடிவங்கள் சில அடிகளுக்குப் பிறகு அச்சு அசலாக அப்படியே, ஆனால் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். அவற்றுக்கு ‘நடையன்’ என்று பெயர் வைத்தவளே நீதான். நாம் எடுத்துக்கொண்ட விதியில், பத்துக் கட்ட அகலத்துக்குள், மூன்று அடிக்கு ஒரு கட்டம் நகரும் நடையன் கிடையவே கிடையாது என்று பதிவு செய்தோம். தேடுகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் பொதுப் பட்டியலில் இன்றும் நம் இருவர் பெயரோடு அந்த வரி இருக்கிறது: “முழுவதும் தேடப்பட்டது. இல்லை.”

இருக்கிறது, அக்கா.

லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் புது மாதிரியான தேடல் நிரல் ஒன்று எழுதியிருக்கிறார். விடை தெரிந்த கணக்கில் சோதித்துப் பார்ப்போமே என்று நம் பதிவை எடுத்திருக்கிறார். “இல்லை” என்று வரவேண்டும். பதினோரு நிமிஷத்தில் ஒரு நடையன் வந்து நின்றிருக்கிறது. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. என் ப்ரோக்ராம்லதான் கோளாறுன்னு மூணு நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன்” என்று எழுதியிருந்தார். நானும் கட்டத்தாளில் பென்சிலால் நடத்திப் பார்த்தேன். மூன்று அடி. ஒரு கட்டம் தள்ளி, சிரித்துக்கொண்டு நிற்கிறது.

ஆக, ஓட்டை என் நிரலில்தான். அதே நிரலை வைத்து, பிற்பாடு என் அலுவலகக் கணினியில் இன்னும் பத்துத் தேடல் ஓட்டி, பத்திலும் “இல்லை” என்று பதிந்திருக்கிறேன். பதினொன்றும் இப்போது சந்தேகத்தில். எடை அளவு ஆய்வாளனாக முப்பத்தைந்து வருஷம் கடை கடையாகப் போய் ஊரார் தராசில் குறை கண்டுபிடித்தவன் நான். என் தராசின் குறையைக் கண்டுபிடிக்காமல் விடுவதாக இல்லை.

உன் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தராசுக்கு,

முழங்கால் படியேற விடுகிறது, இறங்கத்தான் மறுக்கிறது. மற்றபடி சௌகரியம். நீ காதுக்குக் கருவி வைத்துக்கொள்ளேன். கண்ணாடி போட்டுக்கொண்டாய், கௌரவமா குறைந்தது?

செய்தியைப் படித்து உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் நிரலை அதற்குள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. அது எப்படி வேலை செய்யும் என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கால அட்டவணை போட்டவள். திங்கள் முதல் பாடவேளையை நிரப்பு, அடுத்தது, அதற்கடுத்தது. வியாழக்கிழமை போய் முட்டினால் அழித்துக்கொண்டே பின்னால் வா. வேறு மாதிரி வைத்துப் பார். உன் நிரலும் அப்படித்தான் வரி வரியாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு போகும், முட்டினால் திரும்பும். மெதுவான பிள்ளைதான். ஆனால் ஒரு வழியையும் தாண்டிக் குதிக்காத பிள்ளை.

லிஃப்ட்காரருடையது எப்படி? வேகம் புது இயந்திரத்தால் வந்ததா, இல்லை வழியே வேறா?

இன்னொன்று. அந்த நடையனின் முதல் வரியில் இடப்பக்க ஆறு கட்டங்கள் எப்படி இருக்கின்றன என்று எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். காதுக் கருவி பற்றிப் பிறகு பேசலாம் (அதாவது பேசப் போவதில்லை).

உன் கால அட்டவணை உதாரணத்தை லிஃப்ட்காரருக்கு அப்படியே எழுதினேன். மனிதர் துள்ளிக் குதித்துவிட்டார். அவர் பதில்: “சார், என்னோடதும் முட்டும், அழிக்கும். ஆனா முட்டினது ஏன்னு ஒரு சீட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டிக்கும். டிராயிங் வாத்தியாரும் டிரில் வாத்தியாரும் ஒரே நேரத்துல கூடாதுன்னு ஒரு தடவை தெரிஞ்சா, அந்த ஜோடியை வாரத்துல எந்தக் கிழமையிலும் வச்சே பாக்காது.” உன் பிள்ளை ஒரே தப்பை ஆயிரம் இடத்தில் ஆயிரம் தடவை செய்து திரும்பும், அவர் பிள்ளை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளும். வழியே வேறு.

ஆனால் அவரே ஒப்புக்கொள்ளும் ஒரு குறை உண்டு. அவருடையது எங்கே வேண்டுமானாலும் தாவும். இருக்கிற விடையைச் சட்டென்று பிடித்துவிடும். பிடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். பாதி வழியில் போய் “எவ்வளவு முடிந்தது?” என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. நம்முடையது சொல்லும்.

நீ கேட்ட ஆறு கட்டங்கள்: செத்தது, உயிர், உயிர், செத்தது, உயிர், உயிர். இடமும் வலமும் கண்ணாடிபோல் ஒத்த வடிவம்; முழுதும் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஏன் கேட்டாய் என்று தெரியும். தேடலை அறுபத்துநாலு துண்டாகப் பிரித்தது அந்த ஆறு கட்டங்களை வைத்துத்தானே. உயிருக்கு ஒன்று, செத்ததற்கு சைபர் என்று வைத்துக் கணக்கிட்டால், 0 முதல் 63 வரையில் இது இருபத்தேழாம் துண்டு. வேறு துண்டில் அகப்பட வழியும் இல்லை. மற்ற இரண்டு அடிகளில் இதன் அகலம் பன்னிரண்டு ஆகி, நம் பத்துக் கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். உன் அச்சுக் கையெழுத்தில்: “துண்டு 27. முடிந்தது. ஒன்றுமில்லை.” ஆகத் துண்டு ஓடியிருக்கிறது, நடையன் அதன் வாசலில் நின்றிருக்கிறது, என் நிரல் அதைப் பார்க்காமல் போயிருக்கிறது. வட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயின. அச்சடித்த நிரல் மட்டும் கைவசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது வரி. முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. முழங்காலா, தபால்காரரா, யாரைக் கோபித்துக்கொள்வது?

அறுநூற்றுப் பத்தாம் வரியில் இருக்கிறேன். இதுவரை ஒரு பிழை: வரி 212-இல், திரையில் காட்டும் செய்தியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அதற்காக ஒரு மணி நேரம் வெட்கப்பட்டேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஜூன் 30-க்குள் பிழை அகப்படாவிட்டால், என் பதினொரு பதிவுகளையும் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்லி எழுதிவிடுவேன். இருக்கிற இடத்தில் “இல்லை” என்று ஒரு பலகையை நட்டு, முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களைத் தேடவிடாமல் தடுத்திருக்கிறேன். ஒன்று பொய்யென்றால் மற்ற பத்துக்கு யார் ஜாமீன்?

பதில் எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இடுப்பு பிடித்துக்கொண்டது, அதனால் எழுத உட்காரவில்லை. பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், ஒரே தூசி.

ஜூன் 30 வரை எதையும் எழுதி அனுப்பிவிடாதே. வாக்குக் கொடு. கணக்கு தப்பாக வந்தால் முதலில் வாய்ப்பாட்டையா சந்தேகிப்போம்?

நிரலைத் தொடங்குவதற்கு என்ன தட்டச்சு செய்வோம்? துண்டின் எண்ணை முன்னால் கொடுப்பதா, பின்னாலா? மறந்துபோயிற்று. பேச்சோடு பேச்சாக நினைவு வந்தது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

‘தேடு’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டுத் துண்டின் எண். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் கழித்து இது உனக்கு எதற்கு என்று புரியவில்லை. ஆனால் நீ காரணம் இல்லாமல் கேள்வி கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

வாக்குக் கொடுத்தேன்: ஜூன் 30-க்கு முன் அனுப்ப மாட்டேன். ஒரு நாள் பிந்தவும் மாட்டேன்.

வரி 1,105.

உன் தம்பி


மே 22

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நான் தனியாக உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இந்தக் கட்ட விளையாட்டு எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் ஆளைப் பார்த்தால் புரிகிறது. காலையில் பூதக்கண்ணாடியோடு மேஜையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார். நடைப்பயிற்சி நின்றுபோயிற்று. கண்ணுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் அறுவை செய்ய வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். இவர் காது கேட்காததுபோல் உட்கார்ந்திருந்தார். அன்று நிஜமாகவே கேட்டிருக்காது என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று, “என்னங்க, கடைசி வரிக்கு வந்தாச்சா?” என்று கத்திக் கேட்டேன்.

“வந்தாச்சு. பிழை இல்ல.”

“அப்ப சந்தோஷம்தானே?”

“பிழை இருக்கு, என் கண்ணுக்குத்தான் தெரியலன்னு அர்த்தம். மறுபடி முதல்லேருந்து படிக்கணும்.”

பட்டியல்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை இப்போதே எழுதி, எடைக்கற்களுக்குக் குத்தும் பழைய முத்திரைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். “பொய் எடை போட்டவன் கடையை மூடணும், வேற என்ன” என்கிறார். நான் கோபத்தில், “ஒருவேளை நோட்டுல தப்பா எழுதியிருந்தா?” என்று கேட்டுவிட்டேன். அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “அக்கா எழுதினது ஒண்ணுதான் இதுல சந்தேகப்பட வேண்டாதது. அதையும் எடுத்துட்டா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?” என்றார்.

நீங்கள் சொன்னால் கேட்பார். படிப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இதோடு இருக்கும் அச்சுத்தாளை இப்போது பிரிக்காதே. கடிதத்தை முதலில் படி.

உன் நிரலில் பிழை இல்லை. இருபத்தேழாம் துண்டை நான் ஓட்டவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். ஆறு கணினி, அறுபத்துநாலு துண்டு, துண்டுக்கு ஐந்து நாள். 27 மூன்றாம் கணினியில் ஓடியது. இரண்டு முறை மின்சாரம் போய் நின்றது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். மற்ற அறுபத்துமூன்றும் முடிந்தபோது பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள்தான் இருந்தது. மறுநாள் நோட்டை வாங்கிப்போக நீ வருவதாக எழுதியிருந்தாய். ஒரு வகுப்பில் அறுபத்துமூன்று பிள்ளைகள் முட்டை வாங்கியிருக்கிறார்கள். அறுபத்துநாலாவது பிள்ளையின் தாளைப் பிரிக்காமலே முட்டை போட்டேன். செய்யாத கணக்குக்கு விடை எழுதிய எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நீ ஆறு கட்டங்களை எழுதி அனுப்பிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பே, மார்ச் மாதம் உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே இருபத்தேழு நினைவுக்கு வந்தது. உடனே எழுதியிருக்க வேண்டும். தாளை எடுப்பேன், “நலம்” என்று எழுதுவேன், அதற்கு மேல் பேனா போகாது. இடுப்புப் பிடிப்பு பொய். வெள்ளையடிப்பு நிஜம், ஆனால் அது ஒரு காரணமா?

வெறும் வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியாத ஒன்று: பள்ளிக்கூடத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது மூன்றாம் கணினியை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. பழைய புடவை சுற்றி அலமாரிக்கு மேல் கிடந்தது. ரேடியோ ரிப்பேர்காரரை அழைத்து வந்தேன். திறந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இது என் கடைக்கு வரவேண்டியது இல்ல, மியூசியத்துக்குப் போகவேண்டியது” என்றார்.

“ஓடுமா ஓடாதா?”

“கெப்பாசிட்டர் எல்லாம் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கிக் கிடக்கு.”

“வீக்கத்தை எடு.”

“இதுல என்ன பாக்கப் போறீங்க, சினிமாவா?”

“ஒரு பேப்பர் திருத்தாம விட்டுட்டேன்.”

மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஐந்து வாரம் அலைந்து உதிரி தேடி ஓடவைத்துவிட்டார். உன் நிரல் உள்ளேயே பத்திரமாக இருந்தது. ‘தேடு 27’ என்று அடித்தேன். இந்தத் தடவை எதிரிலேயே நாற்காலி போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரையில் ஒரு வரி வந்தது. லிஃப்ட்காரருடைய அதே நடையன். உனக்கு எழுதிவிடலாம் என்று எழுந்தேன். துண்டு முடியவில்லையே என்று மறுபடி உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் இன்னொரு வரி. தலை அதே, வால் நான்கு கட்டம் நீளம். இரண்டாவது நடையன். அது லிஃப்ட்காரரிடம் இல்லாதது. இரண்டும் இந்தத் தாளில் இருக்கின்றன. இப்போது பிரி.

உன் பிள்ளை எதையும் பார்க்காமல் போகவில்லை. அதை வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான்.

பட்டியலுக்கு எழுது. என்னைச் சொல்லி எழுது. பூதக்கண்ணாடியை மேஜைக்குள் வைத்துப் பூட்டு.

அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

நான் நலம். அவளும் நலம்.

உன் கடிதத்தைப் படித்ததும் பூதக்கண்ணாடியை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்ச்சிலேயே ஒரு போஸ்ட் கார்டு போதும், அக்கா. நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது வரியையும் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரித்தேன். இரண்டு தடவை. இதை எழுதாமல் மேற்கொண்டு எழுத முடியவில்லை. எழுதிவிட்டேன்.

இரண்டாவது நடையனை லிஃப்ட்காரருக்கு அனுப்பினேன். “முதலாவது வேணாம், வேற காட்டு” என்று தன் நிரலிடம் சொல்லி ஓட்டியிருக்கிறார்; நாற்பது நிமிஷத்தில் அதே வால்நீளன் வந்திருக்கிறது. “உங்க பிள்ளை கேக்காமலே குடுத்துச்சு, என் பிள்ளைகிட்ட கேட்டு வாங்க வேண்டியிருக்கு” என்கிறார்.

இன்று பட்டியலுக்கு அனுப்பியது: “எங்கள் பதிவில் பிழை. துண்டு 27 ஓட்டப்படாமலே ‘இல்லை’ என்று எழுதப்பட்டது. அதில் இரண்டு நடையன்கள் உள்ளன. நிரலில் பிழை இல்லை. மற்ற பத்துப் பதிவுகளும் நிற்கின்றன.” உன்னைத் தனியாகச் சொல்லவில்லை. பதிவு இருவர் பெயரில் இருந்தது. திருத்தமும் இருவர் பெயரிலேயே போயிற்று.

ஆனால் ஒன்று. ஒரு கடையில் ஓர் எடைக்கல் குறைந்திருந்தால், மற்றவை சரி என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நான் முழுப் பெட்டியையும் நிறுக்காமல் வந்ததில்லை. கடைக்காரர் உறவாக இருந்தபோதும். பாக்கி அறுபத்துமூன்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். நிரலை நான் தட்டச்சு செய்துகொடுத்தால் லிஃப்ட்காரர் தன் புது இயந்திரத்தில் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார். அவர் ஓட்டட்டும். உன்னால் முடிந்தால் நீயும் ஓட்டு. இரண்டும் ஒத்துப்போனால்தான் முத்திரை.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌகரியம். முழங்கால் இறங்கவும் சம்மதித்துவிட்டது. உன் கண்ணையும் அவள் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன் கோபம் சரிதான். அது அங்கேயே இருக்கட்டும்.

முழுப் பெட்டியையும் நிறுக்கச் சொன்னாய். உன் கடிதம் வந்தபோது அந்த வேலை ஆரம்பமாகிவிட்டிருந்தது. 27 முடிந்த மறுநாளே சைபரிலிருந்து தொடங்கிவிட்டேன். நான்காம் நாள் மின்சாரம் போயிற்று, முதலிலிருந்து. மறுபடி மூன்றாம் நாள் போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து. “டீச்சர், மிச்சம் ரெண்டு நாள்தானே, என்ன வரும்னு தெரியாதா உங்களுக்கு?” என்று ரிப்பேர்காரர் கேட்டார். “தெரியாது” என்றேன்.

துண்டுக்கு ஐந்து நாள், அறுபத்துமூன்று துண்டு: மின்சாரம் ஒத்துழைத்தால் பத்தரை மாதம். லிஃப்ட்காரர் ஒரு பிற்பகலில் முடிப்பதை எனக்கு மட்டும் சொல்லிவிடாதே. விடைப் பக்கத்தைக் கிழித்து உன் முத்திரைப் பெட்டிக்கு அடியில் வை. நான் முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீ பார். நான் எதிரில் நிற்கிறேன், பெஞ்சு மேல் நிற்கச் சொன்னாலும் சரி.

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். நேற்றுக் காலை ஒன்பதே முக்காலுக்குத் தேடல் ஓடி முடிந்தது. முதல் வரி எழுதியாயிற்று:

“துண்டு 0. முடிந்தது. ஒன்றுமில்லை. பார்த்தேன்.”

அன்புடன்
அக்கா